தையில் பெய்த ஆலங்கட்டி

ஜனவரி 7, புதன்

காலையில் அங்கன்வாடிக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. உள்ளேயே உறைந்துவிட்டது. உதவியாளர் வள்ளிமயிலக்கா குழாயில் பழந்துணியைச் சுற்றி வெந்நீர் ஊற்றிய பிறகுதான், தொண்டை கட்டியவன் பேசுவது போல விட்டுவிட்டு வந்தது. அங்கன்வாடிக்கு வெளியே புல்லெல்லாம் வெள்ளை. எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷன் சரிவில் தேயிலைக் கொழுந்து கருகிவிட்டது என்று கொழுந்தெடுக்கப் போன பெண்கள் சொன்னார்கள்.

இதே இடத்தில் மதியம் ஒரு மணிக்குப் பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றி எறிகிறார்கள். காலையில் கை விறைக்கிறது, மதியம் உச்சி வேகிறது. பதினான்கு பேரில் ஒன்பது பேருக்கு இருமல்.

எங்கள் மேற்பார்வையாளர் திலகவதி மேடம் பத்தேகாலுக்குப் போன் செய்தார். "என்னம்மா மெர்சி, இன்னும் பிள்ளைங்க போட்டோ ஏத்தல?" இருமலைப் பற்றிச் சொன்னேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம், முதல்ல போட்டோ." செயலியில் இருமலுக்கு ஒரு கட்டம் கிடையாது. எடைக்கு உண்டு, உயரத்துக்கு உண்டு. மூக்கு ஒழுகாத பிள்ளைகளாகப் பார்த்து முன்வரிசையில் உட்காரவைத்து எடுத்து அனுப்பினேன்.

ஜனவரி 9, வெள்ளி

கட்டடத்துக்குப் பின்னால் மறுபடியும் ஜேசிபி சத்தம். தூங்கவைத்த பிள்ளைகள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

மேலே சொகுசு விடுதி வருகிறது. கான்ட்ராக்டர் கனகசபை கட்டுகிறார். அதற்குப் பாதை போட மலையைச் செங்குத்தாக வெட்டி, அடியில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறார். சுவருக்கும் எங்கள் சமையலறைக்கும் நடுவே ஆறடி இடைவெளி. பாண்டிச்செல்வி, எங்கள் யாழினியின் அம்மா, மகளை விட வந்தவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் யாரு டீச்சர் பர்மிஷன் குடுத்தாங்க?" என்றாள். பெரிய இடத்து விவகாரம் என்றேன்.

போன செப்டம்பரில் கனகசபை அங்கன்வாடிக்கு வெள்ளையடித்து, ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டோம். எனக்காகவா வாங்கினேன்? பிள்ளைகளுக்குத்தானே. துறையிடம் தொட்டி கேட்டு நான் எழுதிய கடிதங்களுக்கு வயது நான்கு.

ஜனவரி 12, திங்கள்

வள்ளிமயிலக்கா கையைப் பிடித்துப் பின்னால் கூட்டிப் போனார். சுவருக்கு மேலே, வெட்டிய சரிவின் நெற்றியில், மண் வெடித்திருக்கிறது. ஏறிப் போய்ப் பார்த்தோம். அக்கா தன் கையை முழங்கை வரை உள்ளே விட்டுக் காட்டினார்.

"போன வாரம் விரல்தான் போச்சு டீச்சர்."

அங்கன்வாடியில் உதவியாளராகப் பதினெட்டு வருஷம் இருப்பவர். அதற்குமுன் இதே மலையில் கொழுந்தெடுத்தவர். இவர் சொன்னால் நான் கேட்பேன். வேறு யாரும் கேட்பதில்லை.

கனகசபை ஜீப்பை மறித்துச் சொன்னேன். வண்டியை விட்டு அவர் இறங்கவே இல்லை.

"உறைபனியில மண்ணு இறுகும், வெயில்ல விடும். அப்போ அப்படித்தான் வெடிக்கும் டீச்சர். மழை சீசன் முடிஞ்சுபோச்சு. இனி ஏப்ரல் வரைக்கும் ஒரு சொட்டு விழாது. நீங்க நிம்மதியா பாட்டுச் சொல்லிக்குடுங்க."

பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவளாம். எனக்கு வந்த கோபத்தில் ஜீப்பின் கதவை அறைந்து சாத்தினேன். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

என் தம்பி ஜோதிதான் அந்த ஜேசிபியை ஓட்டுகிறான். அக்டோபரிலிருந்து வேலை. அதற்குமுன் இரண்டு வருஷம் சும்மா இருந்தான், ஊர் சுற்றினான், கெட்டுப்போகப் பார்த்தான். சாப்பிட வந்தபோது வெடிப்பைப் பற்றிக் கேட்டேன். தட்டை விட்டுத் தலை தூக்கவில்லை.

"நான் ஓட்டுறவன்க்கா. எங்க வெட்டச் சொல்றாங்களோ அங்க வெட்டுவேன்."

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ஸ்வெட்டர் இல்லாமல் பானையிறக்கியது இந்த மலையில் இதுதான் முதல் தடவை. ஆலயத்தில் பாதிப் பேர் விசிறிக்கொண்டு இருந்தார்கள். எட்டு நாளைக்கு முன் குழாய் உறைந்த ஊர் இது.

ஜனவரி 19, திங்கள்

கிழக்கிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று. தை மாதம் இந்தக் காற்றுக்கு என்ன வேலை? வங்கக் கடலில் ஏதோ புயல் சின்னமாம், ரேடியோவில் சொன்னார்கள். கைபேசியில் எங்கள் ஊருக்கு 'லேசான மழை' என்று ஒரு மேகப் பொம்மை.

பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். எஸ்டேட் பெயர், டிவிஷன், வெடிப்பின் நீளம் எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு பெண் பொறுமையாகத் தேடிவிட்டுச் சொன்னாள்.

"உங்க இடம் அபாயப் பட்டியல்ல இல்லையேம்மா."

"நான் பார்த்துட்டுச் சொல்றேன்மா. கை உள்ள போகுது."

"ஆபத்து இல்லைன்னு சான்று இருக்குதாம். போன வருஷமே எடுத்துட்டாங்க."

யார் கொடுத்த சான்று என்று நான் கேட்கவில்லை. இணைப்பு சரியில்லை, வைத்துவிட்டேன். பட்டியல் போடுகிறவர்கள் நேரில் வந்து பார்த்தல்லவா போட வேண்டும்? நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மலையை எழுதவும் அழிக்கவும் இவர்கள் யார்?

ஜனவரி 20, செவ்வாய்

மாலையில் இடியோடு மழை. தையில் இடி கேட்டதில்லை என்று தொழிலாளர் லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஓடை நிறைந்தது.

ஜனவரி 21, புதன்

விடிந்தால் மறுபடியும் குளிர். பல் கிட்டுகிறது. மழை விட்டிருந்தது. தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளில் இத்தனை நாள் கசிந்தது தெளிந்த தண்ணீர். இன்று டீ போலக் கலங்கி வருகிறது. நானும் அக்காவும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

நாளைக்கு மட்டுமாவது பிள்ளைகளை மஸ்டர் கொட்டகையில் உட்காரவைக்கிறேன் என்று மேடத்திடம் கேட்டேன். தொழிலாளர்களுக்குப் பெயர் கூப்பிடுகிற கொட்டகை அது. மேட்டில், கெட்டித் தரையில் இருக்கிறது.

"நாளைக்குத்தான் மேல இருந்து ஆய்வுக்கு வர்றாங்க. கொட்டகையில உட்காரவெச்சா நான் என்ன பதில் சொல்றது? விடுமுறை அறிவிச்சாங்களா? இல்லைல்ல? சென்டரைத் திறக்கலைன்னா மெமோதான், சொல்லிட்டேன்."

இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவளிடம் மெமோ என்கிறார். எனக்கு வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். விழுங்கியிருக்கக் கூடாது.

ஜனவரி 22, வியாழன்

பதினான்கு பிள்ளைகளும் இருக்கிறார்கள். வேறு எதுவும் எழுத முடியவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். நாளைக்கு ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

நேற்றுக் காலை வானம் கழுவிவிட்டது போல நீலம். நல்ல வெயில். "பாத்தியா, வீணா பயந்த" என்று மேடம் குரல் பதிவு அனுப்பினார். பிள்ளைகள் எல்லோருக்கும் தலை சீவி, பொட்டு வைத்து, ஆய்வுக்காரர்களுக்காக உட்காரவைத்தோம். பத்தரை மணிக்குப் புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்தேன்.

பதினொன்றேகால் இருக்கும். கிழக்கு முகடு சட்டென்று காணாமல் போனது. ஒரு கருப்பு அதை மூடிக்கொண்டு வந்தது. காற்று திரும்பியது. ஐந்து நிமிஷத்துக்குள் சட்டைக்குள் பனிக்கட்டி போட்டது போலக் குளிர். முதலில் தகரக் கூரையில் ஒரு கல் விழுந்தது, பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. நெல்லிக்காய் அளவு ஆலங்கட்டி. சத்தத்தில் பிள்ளைகள் அழுவது வாய் திறப்பதிலிருந்துதான் தெரிந்தது. யாழினி மட்டும் அழாமல், "வெடி, வெடி" என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். முன் பக்கத்துத் தகரம் இரண்டு பிய்ந்து பறந்தது.

அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்து என் காதில் கத்தினார். "சுவத்துல தண்ணி நின்னுடுச்சு டீச்சர்! ஒரு ஓட்டையிலயும் வரல. உள்ள அடைச்சுக்கிச்சு!"

அதன் அர்த்தம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வடியாத தண்ணீர் வேறு எங்கே போகும்?

சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கவிழ்த்தோம். என் சேலை ஒன்று அலமாரியில் இருந்தது. அதை நீளமாக முறுக்கி, ஆளுக்கொரு இடத்தைப் பிடிக்கச் சொன்னோம். சின்னவர்கள் இரண்டு பேரை அக்கா இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டார். நான் ஒருத்தியைத் தூக்கினேன். மஸ்டர் கொட்டகை இருநூறு தப்படி தூரம். தட்டில் ஆலங்கட்டி விழுந்து டங் டங் என்று அடிக்க, அந்தப் பாதையில் போனோம். கொட்டகைக்குள் போய் எண்ணினேன். பதினான்கு. மறுபடியும் எண்ணினேன். பதினான்கு.

அக்கா அடுப்பை அணைக்கத் திரும்பிப் போனார். கேஸ் எரிந்துகொண்டிருந்தது.

மலை வந்த சத்தம் இடி போல இல்லை. லாரியில் கொண்டுவந்து ஜல்லியைக் கொட்டுவது போல, ஆனால் நிற்காமல். சுவர் முதலில் முன்பக்கமாகச் சாய்ந்து படுத்தது. அதன்மேல் சிவப்பு மண் வந்து படுத்தது. சமையலறை இருந்த இடத்தில் ஒரு மரம், வேரோடு, நேராக நின்றுகொண்டிருந்தது.

ஜோதி ஜேசிபியோடு வந்தான். வாளி பட்டால் அக்கா பிழைக்கமாட்டார் என்று பாதியில் இறங்கிக் கையால் தோண்டினான். லைன் வீட்டு ஆண்கள் பெண்கள் எல்லோரும் தோண்டினார்கள். இரண்டு மணி நேரம். அக்காவின் மேல் வாசல் நிலையின் உத்தரம் விழுந்து, தலைக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. இடது காலில் சுவர்.

ஆய்வுக்காரர்கள் வரவில்லை. வானிலை சரியில்லாததால் பயணம் ரத்து என்று பதினொன்று பத்துக்கே மேடத்துக்குச் சொல்லிவிட்டார்களாம். எனக்குச் சொல்ல மறந்துவிட்டாராம்.

ஜனவரி 24, சனி

அக்காவின் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

பத்திரிகையில் என் படம். 'சமயோசித ஆசிரியை.' கீழே, 'வரலாறு காணாத பருவம் தவறிய மழை.' இயற்கைச் சீற்றமாம். மலையை நேர்க்கோட்டில் செதுக்கிவைத்தது எந்த இயற்கை? பத்திரிகையைக் கிழித்து அடுப்பில் போட்டேன். என் முகமும் சேர்ந்து எரிந்தது. நல்லது.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினத்துக்கு எஸ்டேட் மைதானத்தில் கொடியேற்றினார்கள். என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? கனகசபை. சிரித்துக்கொண்டே போர்த்தினார். காதருகில் குனிந்து, "நாம ஒரே குடும்பம் டீச்சர்" என்றார். கூட்டம் கை தட்டியது. பாண்டிச்செல்வி அழுதுகொண்டே கை தட்டினாள். நான் அந்தத் துணியோடு நின்றேன்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். கனகசபையை, மேடத்தை, கட்டுப்பாட்டு அறையை, பத்திரிகைக்காரனை ஒருவர் விடாமல் திட்டினேன். ஜோதி மூலையில் உட்கார்ந்திருந்தான். தோண்டியதில் நகமெல்லாம் போய், விரல்களில் கட்டு.

"போதும்க்கா."

"என்னடா போதும்? ஆபத்து இல்லைன்னு எந்தப் படுபாவியோ எழுதிக் குடுத்திருக்கான்—"

"நீதானேக்கா எழுதிக் குடுத்த."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

இங்கே எழுதிவிடுகிறேன். செப்டம்பர் மாதம் கனகசபை ஒரு தாள் கொண்டுவந்தார். சரிவை வெட்டுவதில் அங்கன்வாடி மையத்துக்கு ஆட்சேபனை இல்லை, கட்டடத்துக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து இல்லை என்று அதில் இருந்தது. நான் முழுக்கப் படித்தேன். படிக்காமல் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. தொட்டியைப் பற்றி அவர் பேசினார். உங்க தம்பி சும்மாதானே இருக்கான் என்றும் பேசினார். 'பொறுப்பாளர்' என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளை வைத்துத்தான் மற்ற அதிகாரிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அதை வைத்துத்தான் பட்டியலிலிருந்து எங்களை எடுத்தார்கள்.

இதை இத்தனை நாள் இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

ஜனவரி 28, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூட்டமான வார்டு. அக்கா ஜன்னலோரக் கட்டிலில். போர்வை ஒரு பக்கம் சப்பையாகக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது எங்கள் பிள்ளைகளில் ஒருவனைப் பற்றித்தான். "கவினுக்கு இருமல் விட்டுச்சா?"

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். முதலில் சுலபமானதைச் சொன்னேன். கொட்டகையில் வைத்து, 'அடுப்பை அணைச்சீங்களா அக்கா' என்று கேட்டது நான். நான் கேட்காவிட்டால் அவர் போயிருக்கமாட்டார்.

"அட, நீங்க கேக்காட்டியும் போயிருப்பேன். எரியுற அடுப்ப விட்டுட்டு வந்தா எனக்கு மனசு நிக்காது. அத விடுங்க."

பிறகு தாளைப் பற்றிச் சொன்னேன். தொட்டி, தம்பி வேலை, எல்லாம். அக்கா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரி ஆரஞ்சு உரித்தாள்.

"வெடிப்புக்குள்ள கைய விட்டுக் காட்டினேன்ல?"

"ஆமாக்கா."

"அப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"என்கிட்ட சொல்லல."

"சொல்லல."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லுவேன்னு வந்திருந்தா, இப்ப என்னால முடியாது டீச்சர். வலி இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன். என் காலுக்கு யாராவது பதில் சொல்லணும். மழை சொல்லாது. மழைக்கு வாய் கிடையாது. நாளான்னிக்கு விசாரணைக்கு வர்றாங்களாம்ல? இப்ப என்கிட்ட சொன்னத அப்படியே அங்க போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டு வந்து என்னைப் பாருங்க."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். இறங்கக் கால் வரவில்லை. இரண்டு கால் உள்ளவளுக்கு.

ஜனவரி 30, வெள்ளி

விசாரணை மஸ்டர் கொட்டகையில் நடந்தது. அதிகாரி வரும்போதே அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டு வந்திருந்தார். வாக்குமூலத்தைக் கேட்பதற்கு முன்பே முடிவு தயார். 'ஒரே மாதத்தில் உறைபனி, கடும் வெப்பம், திடீர்ப் புயல்மழை ஆகியவை மாறி மாறி ஏற்பட்டதால் மண் தளர்ந்து...' எல்லாம் உண்மைதான். அதுதான் எனக்கு ஆத்திரம். ஒவ்வொரு சொல்லும் உண்மை. முழுத் தாளும் பொய்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. நீங்கதான் முக்கிய சாட்சி."

"வெட்டினதைப் பத்தி இதுல இல்லையே சார்."

"அது தனி விஷயம்."

"தனி இல்ல சார். பனியும் வந்துச்சு, வெயிலும் வந்துச்சு, மழையும் வந்துச்சு. இந்த மலை முழுக்கத்தான் வந்துச்சு. இறங்கினது வெட்டின இடம் மட்டும்தான். ஆபத்து இல்லைன்னு எழுதிக் குடுத்தவங்க பேரை முதல்ல எழுதுங்க."

"யாரு?"

"நான்தான் சார். மெர்சி ரஞ்சிதம், மூன்றாம் டிவிஷன் அங்கன்வாடிப் பணியாளர்."

கனகசபை எழுந்தார். "டீச்சர் அதிர்ச்சியில இருக்காங்க சார். பாவம், நாலு நாளா சரியா—"

"உட்காருங்க கனகசபை!" என்றேன். இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளை உட்காரச் சொன்ன குரல். அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு தேதியோடு, யார் என்ன பேசினார்கள் என்பதோடு, தொட்டியோடு, தம்பி வேலையோடு எல்லாவற்றையும் சொன்னேன். மெமோ என்று மிரட்டியதையும் சொன்னேன். மேடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் தாய்மார்கள் நின்று கேட்டார்கள். நான் வெளியே வந்தபோது வழி விட்டார்கள். அது மரியாதையில் விட்ட வழி இல்லை. பாண்டிச்செல்வி மட்டும் எதிரே வந்தாள்.

"எம் பிள்ளைய அந்தச் சுவத்துக்குக் கீழ தெரிஞ்சே உட்காரவெச்சியா?"

முதல் தடவையாக என்னை ஒருமையில் பேசினாள். ஆமாம் என்றேன். அவள் யாழினியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 4, புதன்

தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. எனக்கு மட்டும்தான். மேடத்துக்கு வேறு வட்டாரத்துக்கு மாறுதல். கனகசபைக்கு 'மறு உத்தரவு வரும்வரை பணி நிறுத்தம்'.

ஜோதி வேலையை விட்டுவிட்டான். என்னோடு பேசுவதையும் விட்டுவிட்டான். என்னையும் மாட்டிவிட்டாயே என்கிறானா, ஏன் முன்பே சொல்லவில்லை என்கிறானா, தெரியவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறான்.

பிள்ளைகள் ஆலயக் கூடத்தில் இருக்கிறார்கள். புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். நல்லவளாம். மேகம் மூடினாலே பிள்ளைகள் தட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறார்களாம். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லையாம்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். "ம்" என்றார். தலை வாரிவிடச் சொன்னார். வாரிவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

காலை ஏழு மணிக்குப் பாண்டிச்செல்வி வந்து கதவைத் தட்டினாள். பதினோரு நாள் கழித்து என் முகத்தைப் பார்க்கிறாள்.

"மேல மறுபடியும் ஜேசிபி வந்திருக்கு. வர்றீங்களா?"

போனோம். ஏற்கெனவே ஐந்து தாய்மார்கள் அங்கே நின்றார்கள். கொழுந்தெடுக்கப் போகாமல், கூடையோடு. வண்டி வேறு, ஓட்டுநர் வேறு. சமவெளியிலிருந்து வந்தவர், இந்தக் குளிருக்குக் காதைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். கனகசபையின் மேஸ்திரி முன்னால் வந்தார்.

"நிறுத்தச் சொன்னது மழைக்குத்தான். மழைதான் முடிஞ்சுபோச்சே? அங்க பாருங்க வானத்த, எப்படி இருக்கு!"

உண்மையிலேயே நல்ல நீலம். அன்றைக்கும் இதே நீலம்தான்.

"உத்தரவுல மழைன்னு ஒரு வார்த்தை இல்ல," என்றேன். நகல் என்னிடம் இருந்தது. சத்தமாகப் படித்தேன். மேஸ்திரி யாருக்கோ போன் செய்தார். மறுபடியும் செய்தார். பிறகு ஓட்டுநரைப் பார்த்துக் கையை ஆட்டினார். இன்ஜின் உறுமியது. வாளி எழுந்தது.

பாண்டிச்செல்வி நடந்து போய் வாளிக்கு நேர் கீழே நின்றாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். மற்றவர்களும் வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

ஓட்டுநர் எங்களைப் பார்த்தார். கீழே, சிவப்பு மண்ணுக்குள் பாதி தெரிகிற எங்கள் கட்டடத்தைப் பார்த்தார். சுவரில் நாங்கள் வரைந்த யானையின் காது மட்டும் வெளியே தெரிந்தது. வாளியை மெதுவாகத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"பிள்ளைங்க படிச்ச இடமாம்மா?"

"ஆமா."

"என்கிட்ட யாரும் சொல்லலையே," என்றவர், "குடிக்கத் தண்ணி இருக்கா?" என்று கேட்டார்.

பாண்டிச்செல்வி தன் பாட்டிலைக் கொடுத்தாள். மேஸ்திரி கத்திக்கொண்டே ஜீப்புக்குப் போனார். நாங்கள் வண்டிக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்தோம். சாயங்காலம் ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தோம்.

நாளைக்கு மறுபடியும் வருவார்கள். முறை போட்டுக்கொண்டிருக்கிறோம். காலை ஆறிலிருந்து பத்து வரை நானும் பாண்டிச்செல்வியும்.